ஒரு சாண் மேற்கே

ஆனி மாசம் பணகுடி கிரவுண்டில்
பந்தை நேராகத் தூக்கினால் நேராக நிற்காது.
கணவாய்க் காற்று கிழக்கே தள்ளிவிடும்.
ஒரு சாண் மேற்கே தூக்கணும்.
காற்றாலை றெக்கை கண்ணுக்குத் தெரியாத வேகமென்றால்
ஒன்றரைச் சாண்.

பதினோரு வருஷம் என் விரலுக்கும்
ஜெபஸ்டின் உள்ளங்கைக்கும் நடுவில்
இந்தக் கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது.
எம்பும்போது அவன் பந்தைப் பார்க்க மாட்டான்,
என் தோளைப் பார்ப்பான்.

புதன்கிழமை தீர்மானம் போட்டார்கள்,
வள்ளியூர் ரைஸ்மில் மாடியில்,
தவிட்டு வாசத்துக்குள்.
செயலாளர் தங்கக்கண் சார் வாசித்தார்:
‘கழகத்தின் அனுமதியின்றித் தனியார் லீக்கில் ஒப்பந்தமான
கீழ்க்கண்ட ஒன்பது பேருக்கும் ஆயுள் தடை.’
மூன்றாவது பெயர் அவன்.
இனிஷியல் தப்பாக இருந்தது.
‘ச’ இல்லை சார், ‘த’ என்றேன்.
திருத்திக்கொண்டார்.
அந்தக் கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதற்கு மட்டும்தான்.

கழகம் எங்களுக்குக் கொடுத்ததையும் சொல்லணும்.
ஏழு ஊர்க் கொடை, நாலு அசனப் பண்டிகை, ஒரு பொங்கல்.
விடிய விடிய ஆட்டம்.
ஜெயித்தால் இடுப்புயரக் கோப்பை,
ஐயாயிரத்து ஒன்று, அதைப் பன்னிரண்டு பங்கு வைத்து
பரோட்டாக் கடைக்குக் கொடுத்தது போக மிச்சம்.
முதல் ஆட்டத்திலேயே தோற்றால்
முதல் பஸ் வருகிறவரைக்கும்
மூடின டீக்கடை பெஞ்சில் கொசுக்கடி.
இடையன்குடியில் அவன் கணுக்கால் புரண்டபோது
ஐஸ் வாங்கின முப்பது ரூபாய்க்கு
ரசீது கேட்டார்கள்.

லீக்கில் தோற்றாலும் சம்பளம்.
யாரையும் முதல் பஸ்சுக்கு அனுப்புவது கிடையாது.
பாளையங்கோட்டையில் உள்ளரங்கம்,
மணிமுத்தாறு மின்னல் என்று ஒரு டீம்,
மின்னலுக்கு அவன் ஒன்பது லட்சம்.

‘கல்லுடைச்ச காசுடே அது,
மலையைத் தின்னுட்டுப் பந்து வாங்குதான்’ என்றேன்.
ஜெபஸ்டின் சிரிக்கவில்லை.
‘போன வருசக் கொடை நோட்டீஸ் வச்சிருக்கியா?
முதல் பரிசு உபயம் யாரு, வாசி’ என்றான்.
அதே கிரஷர் முதலாளி.
கொட்டை எழுத்தில், சாமி படத்துக்கு நேர் கீழே.

அவன் வீட்டு மாடிக்கு
ரெண்டு வருஷமாகச் சென்ட்ரிங் பலகை முட்டுக்கொடுத்து நிற்கிறது.
பலகைக்கு நாள் வாடகை.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதல் ஆட்டத்தைப் போனில் பார்த்தேன்.
ஹரியானாக்காரன் செட்டர்.
சீலிங் விளக்குக்கு நேராகத் தூக்கினான்,
அது நேராக நின்றது.
ஜெபஸ்டின் ஒரு சாண் தள்ளி எம்பினான்.
மணிக்கட்டில் பட்டு வலைக்குள்.
ரெண்டாவதும் வலை.
மூன்றாவது வெளியே.
எனக்குச் சந்தோஷமாக இருந்தது,
மறைக்க என்ன இருக்கிறது.

நாலாவது பந்தில் பழகிவிட்டான்.

பதினோரு வருஷம். மூன்று பந்து.
அந்த நாலாவது அடியை
நிறுத்தி நிறுத்தி எத்தனை தடவை ஓட்டினேனோ.
யார் தோளையும் பார்க்கவில்லை அவன்,
பந்தைத்தான் பார்த்தான்.

நேற்று எனக்கும் அங்கிருந்து போன்.
‘மாற்று செட்டர் சார், பெஞ்சுக்கு.
ஜெபஸ்டின் அண்ணன்தான் நம்பர் கொடுத்தார்.’
என்ன கேட்பதென்று தெரியாமல்
உள்ளே காற்று எப்படி என்று கேட்டேன்.
‘ஏசி இருக்கு சார்’ என்றான் அந்தப் பையன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு
பந்தை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன்.
புது அட்டாக்கர், காலேஜ் பையன், காத்திருந்தான்.
ஐப்பசி.
ஒரு காற்றாலையும் சுற்றவில்லை.
மேற்கே ஒரு சாண் தூக்கினேன்,
பந்து அங்கேயே நின்றது,
பையன் இங்கே எம்பினான்.