கடைமடை வரிகள்

மார்கழிக் கேஜ் பதிவைக் காணோம் என்றார்
உதவிப் பொறியாளர்.
திங்கள் பத்தரைக்கு
தில்லைவிளாகத்து ஆட்கள் வருகிறார்கள்,
பயிர் தொண்டைக்கதிரில் நின்றபோது
கோரையாற்றில் எத்தனை நாள் தண்ணீர் இல்லையென்று
கணக்குக் கேட்க.

நீடாமங்கலம் பிரிவு அலுவலகம்.
மின்விசிறிக்கு ஒரு வேகம்தான்,
கணினிக்கு அதுவும் இல்லை.
கறுப்புத் திரையைத் திறந்து
ஃபைண்ட் என்று தட்டி
ஆற்றின் பெயரைக் கொடுத்தேன்.
ஒன்றும் வரவில்லை.

எனக்கு முன் இந்த நாற்காலியில் மூன்று பேர்.
ஹபீபுல்லா ஒய்யை விழுங்கிவிடுவார்.
அருள்செல்வி ஐ போடமாட்டாள்.
டோமினிக் எல்லா ஆற்றுக்கும் இரண்டு ஏ.
மூணாறு தலைப்புக்கு வருமுன்பே
ஒரே ஆறு
இங்கிலீஷில் மூன்றாகப் பிரிந்துவிடுகிறது.

நட்சத்திரக் குறி போட்டு
எல்லாப் பிழைக்கும் மதகைத் தூக்கினேன்.
அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று
நாற்பது வரி.
அதையெல்லாம் வடிகாலில் திருப்ப ஒரு குறி உண்டு.
அங்கே போனது திரும்பாது.

பெயரில் இல்லாதது உள்ளே இருக்கும்.
கிரெப்பிடம் லஸ்கரின் பெயரைச் சொன்னேன்:
வைரக்கண்ணு.
காலை ஆறுக்கு அளவுகோல் படித்து
ஃபோனில் சொல்கிறவர்.
இதுவரை ஒரு நாளும்
'சுமார்' என்று சொன்னதில்லை.

ஒரே ஒரு கோப்பு.
டீ பில் ஃபோல்டருக்குள்,
ஒற்றை எழுத்துப் பெயர்,
பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி.

புள்ளி வைத்தால் பட்டியலில் தெரியாது.
நம் எழுத்திலும் அப்படித்தான்,
தலையில் புள்ளி ஏறினால்
உயிர் போய் மெய் கிடக்கும்.
தானாக விழுகிற புள்ளி இல்லை இது.

ஹெட் என்றால் மேல் பத்து வரி,
டெயில் என்றால் கீழ்ப் பத்து.
எழுதியவனுக்குப் பாசனம் தெரியும் போல.
மேலே நாலடி, நாலேகால், மூணே முக்கால்.
கீழே சுழியம்.
பத்து வரியும் சுழியம்.
பதினைந்து கேட்டேன்.
பதினான்கு சுழியம்.

"கெடச்சுதா?" என்றார் சார்,
நிமிராமல்.

எம்வி என்று தட்டிப்
புள்ளியை எடுத்தேன்.
கோரையாறு என்று வைத்தேன், தமிழிலேயே,
வல்லின ற போட்டு.

"கெடச்சுது சார்."

இரண்டு பிரதி கொடுத்தேன்.
முதல் தாள் பாதியில் சிக்கியது.
மூடியைத் திறந்து இழுத்துப் போட்டுவிட்டு
மறுபடி கொடுத்தேன்.