காலி எடை

கருப்பூர் எடைமேடையில் பதினொரு வருஷமாய்
நான் அடிக்கும் சீட்டில் மூன்று எண்கள்.
மொத்த எடை, காலி எடை, சரக்கு எடை.
மூன்றாவதை மிஷினே கழித்துக்கொள்ளும்.
இரண்டாவது இல்லையென்றால்
அதுவும் வாய் திறக்காது.

சேர்வராயன் மேலிருந்து பாக்சைட் இறக்கியவர்
என் வீட்டுக்காரர் அர்த்தநாரி.
இருபது கொண்டை ஊசி,
எத்தனை துவைத்தாலும் செம்மண் போகாத காலர்.
மேட்டூரில் உருக்கினால் இதுதான் உன் குண்டான் என்பார்.
ஐம்பத்தொன்பதாம் வயதில் என் பெயரைக் கேட்டார்.
கேலி என்று நினைத்துச்
சிரித்துவிட்டேன்.

நாத்தனார் பாவாயி அன்றைக்கே தீர்ப்பு எழுதினாள்:
"அந்த மண்ணுதான். மூளைக்கு ஏறிடுச்சு.
மாதையனுக்கும் இப்படித்தான், லூர்துக்கும் இப்படித்தான்."
சமையலறைக்குள் போய்
அலுமினியப் பாத்திரங்களை எண்ணினாள்.

மூன்று பேர்.
மூன்று லாரி ஒன்றாய் வந்து நின்றால்
எனக்கும் ஊரெல்லாம் லாரி என்றுதான் தோன்றும்.
அந்தச் சுரங்கத்துக்கு ஓட்டியவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள்.
மறக்காதவர்களை யார் எண்ணியது?
கொண்டப்பநாயக்கன்பட்டியில் சீட்டாடும் சித்தேசுவரன்
நான் எப்போதோ தரவேண்டிய இருநூறு ரூபாயை
வட்டியோடு ஞாபகம் வைத்திருக்கிறார்.
மண்ணையே தொடாத செவ்வாய்ப்பேட்டைக் கணக்கர்களில்
எத்தனை பேர் வீட்டுக்கு வழி மறந்தார்கள்?
அதுதான் காலி எடை.
அதை யாரும் எனக்குத் தரவில்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டர் ஜெபசீலி
ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:
"ரொம்ப வருஷமா சந்தேகப்படுறாங்க.
சில ஆய்வு ஆமாங்குது, பல ஆய்வு உறுதி இல்லைங்குது.
சிலரோட மூளையில அலுமினியம் இருந்தது நிஜம்.
அது வந்ததால நோயா,
நோய் வந்து கதவு பழுதானதால அது உள்ளே வந்ததா?"
எனக்குப் புரிந்தது.
எட்டாவது வளைவில் கவிழ்ந்த வண்டியைச் சுற்றிப் போலீஸ் கேட்டதும் இதையேதான்:
சரக்கு சரிந்து வண்டி சாய்ந்ததா,
வண்டி சாய்ந்து சரக்கு சரிந்ததா.

பிறகு வேறு கேள்விகள்.
காது? வலது பக்கம் போய் ஆறு வருஷம்.
பிரஷர்? உண்டு, மாத்திரைதான் உண்டதில்லை.
படிப்பு? ஐந்தாவது.
தலையில் அடி? அதே எட்டாவது வளைவு, ஏழு தையல்.
அவருடைய அப்பா? கடைசி நாலு வருஷம் பேசவில்லை,
மறதியா கோபமா என்று யாரும் கேட்கவில்லை.
டாக்டர் எழுதிக்கொண்டே போனார்.
ஒவ்வொன்றும் கொஞ்சம் கூட்டியிருக்கலாம்,
எது எவ்வளவு என்று ஆயிரம் பேருக்குச் சொல்லலாம்,
ஓர் ஆளுக்குப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.
என்னிடம் இருப்பது
ஓர் ஆள்.

குண்டானைப் பழைய இரும்புக்குப் போட்டேன்.
நம்பி அல்ல, அடியில் ஓட்டை.
கைவிட்டுப் போனபோது ஒரு நிம்மதி வந்தது உண்மை.
நிம்மதி சாட்சி சொல்ல வராது.

சக்கரம் ஏறியதும் திரையில் எண் துள்ளும்.
நிற்கும்வரை பட்டனில் கை வைக்கக்கூடாது, அது தொழில்.
பின்னால் நிற்பவன் ஹாரன் அடிப்பான்.
பாவாயி அடிக்கிறாள்.
ராத்திரி இரண்டு மணிக்கு நானும் அடிக்கிறேன்:
ஒரே ஒரு காரணம் கொடு,
உட்கார்ந்து திட்டுவதற்காவது.

நேற்று சாயங்காலம் வண்டி வராத நேரம்.
கூடவே அழைத்து வந்திருந்தேன்.
யாரும் சொல்லாமல் மேடைக்கு நடுவே போய் நின்றார்,
இன்ஜின் அணைத்த மாதிரி.
திரையில் அறுபது.
ஆஸ்பத்திரித் தராசில் அறுபத்து மூன்று.
இந்த மேடைக்குப் பத்துப் பத்தாய்த்தான் தெரியும்,
அதற்குள் அடங்கியது கூடினாலும் குறைந்தாலும்
இதற்குக் கணக்கில்லை.

"எவ்வளவு காட்டுது?" என்று கத்தினார்.
"அறுபது."
கொஞ்ச நேரம் மலைப்பக்கம் பார்த்தார்.
"காலியா, லோடா?"