ஈரம் காயும்வரை

நரின் ஊரில் அன்றைக்கு மைனஸ் இருபத்தேழு.
ஆறு தன்மேல் மூடியைப் போட்டுக்கொண்டு
அடியில் எதையோ முணுமுணுத்தபடி போயிற்று.
புதிய ஹார்டு டிஸ்க்கைச்
சட்டைக்கும் கம்பளிக்கும் நடுவே செருகி
மினிபஸ்ஸில் வந்தேன்.
அப்படியும் சில்லிட்டிருந்தது.

கடைக்குள்ளே பழையது
இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.
டக். டக். கொஞ்சம் சும்மா. டக்.
வாசல்வரை வந்துவிட்டு
எதற்கு வந்தோம் என்று மறந்துபோனவர்
கதவைத் தட்டுவதுபோல.
"மூன்று நாளாக இப்படித்தான்" என்றாள் புருல்சுன்.
"முதல் நாள் எலி என்று நினைத்தேன்.
பொறிகூட வைத்தேன்."

மின்னை நிறுத்தினேன்.
வெந்நீர்க் குழாயைத் தொட்டு
உடம்பில் இருந்த மின்சாரத்தை இறக்கினேன்.
பக்கத் தகட்டைக் கழற்றினால்
ஏழு வருஷத்து மாவு.
விசிறி இதழில், கேபிளின் மடிப்பில்,
ஒரு ரொட்டி தட்டிவிடலாம், அவ்வளவு.
நான்கு திருகு, இரண்டு கேபிள்.
பல் பிடுங்குவதைவிடச் சுலபம்.
கையில் எடுத்தபோது கதகதவென்றிருந்தது.
அதுதான் என்னவோ போலாகிவிட்டது.

சொல்லத்தக்கதாய் அதில் இருந்தது ஒரே கோப்பு:
யார் யார் எவ்வளவு தரவேண்டும்.
நூற்றுப் பத்து வீடுகள்.
மாவு, சர்க்கரை, தேயிலை,
பள்ளிக்கூட நோட்டு, நிலக்கரி இரண்டு மூட்டை.
"மீட்க முடியுமா?"
"பிஷ்கெக்கில் ஒருவன் இருக்கிறான்.
அவன் கேட்பது உன் கடையில் பாதி."
அலமாரிகளை ஒருமுறை பார்த்தாள்,
எந்தப் பாதி என்று யோசிப்பவளாக.

புதியதை உடனே பூட்டக் கூடாது.
குளிரிலிருந்து வந்த இரும்பு
வெக்கையில் வியர்க்கும்.
வியர்வை காயுமுன் மின்சாரம் கொடுத்தால்
இதுவும் பழையதோடு போய்ச் சேரும்.
ஒரு மணி நேரமாவது ஆகும் என்றேன்.
தேநீர் ஊற்றினாள்.
நூடுல்ஸ் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து
ஞாபகத்திலிருந்து எழுதத் தொடங்கினாள்.
பதினான்கு பெயரோடு பென்சில் நின்றது.

செய்தி எப்படிப் பரவியதோ.
முதலில் டோக்டோசுன், பனி ஒட்டிய பூட்ஸோடு:
"எழுதிக்கொள். நானூற்று எண்பது."
அட்டையில் அறுநூறு என்று இருந்தது.
அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு
அதன் முதுகில் நானூற்று எண்பது எழுதினாள்.

அடுத்து ஆசில்கான், மூச்சிரைக்க:
"இரண்டாயிரத்து நூறு."
"அதைத்தான் செப்டம்பரிலேயே கொடுத்துவிட்டாயே."
"கொடுத்தேனா?"
"கொடுத்தாய்."
"உனக்குத் தெரியுமா, இல்லை தோன்றுகிறதா?"
இருவரும் மேஜைமேல் இருந்த இரும்பைப் பார்த்தார்கள்,
அது பஞ்சாயத்து சொல்லும் என்பதுபோல.
அதன் நெற்றியில் நீர்த்துளிகள்
ஒவ்வொன்றாகச் சுருங்கிக்கொண்டிருந்தன.

கண்ணாடிக்கு வெளியே
எதிர் நடைபாதையில் ஒருவன் போனான்.
காது மூடிய தொப்பி, வேக நடை,
கடைப்பக்கம் திரும்பாத கழுத்து.
புருல்சுன் ஒன்றும் சொல்லவில்லை.
பதினைந்தாவது பெயர் கிடைத்துவிட்டது.

விரலால் தடவினேன், ஈரமில்லை.
நான்கு திருகு, இரண்டு கேபிள்.
சிஸ்டம் ஏறி முடிக்க இன்னொரு கெட்டில் தேநீர்.
"ஆயிரம் ஜிகாபைட்" என்றேன். "காலி."
"மொத்தமுமா?"
"மொத்தமும்."
"இந்த ஊரே கடன் வாங்கினாலும் நிரம்பாது."
பெட்டியில் காதை வைத்தாள்.
"செத்துவிட்டதா? சத்தமே இல்லை."
"ஓடுகிறது. நல்லதெல்லாம் இப்படித்தான் ஓடும்."
அவள் நம்பவில்லை.

டிஸ்க், கூலி, பஸ் எல்லாம் சேர்த்து
மூவாயிரத்து எழுநூறு சோம் என்றேன்.
கல்லாவைத் திறந்தாள். மூடினாள்.
விசைப்பலகையை இழுத்து, ஒற்றை விரலால்,
வெறுமையின் முதல் வரியில்
தன் பெயரை அடித்தாள்.
எதிரே என் பெயர், பிறகு தொகை.
என் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தது.
திருத்தச் சொல்லலாமா என்று பார்த்தேன்;
அதற்குள் சேமித்துவிட்டாள்.

கடைசி வண்டி ஹாரன் அடித்தது.
பழைய டிஸ்க்கைக் கோட்டுப் பையில் போட்டேன்.
ஆறிப்போயிருந்தது.
அதே பைக்குள் ஒரு கை நிறைய
உலர்ந்த தயிர்க்கட்டிகளைத் திணித்தாள்.
"இதை எழுதவில்லை" என்றாள்.