இடது கதவு

தாழையூத்தில் நிற்கிற எல்லா வண்டிக்கும்
ஒரே நிறம்,
சிமெண்ட் ஆலை அடித்துக் கொடுத்தது.
பூலுடையார் ஒரு வாளித் தண்ணியை வீசியதும்
இது மட்டும் வெள்ளையாச்சு.
"லேடி டாக்டர் ஓட்டுனது. ஒரு கீறல் கெடையாது."
போன வாரம் பார்த்த மூன்று வண்டியையும்
அதே டாக்டரம்மாதான் ஓட்டியிருந்தாள்.

மைதீன் பேசவில்லை.
பழைய ஸ்பீக்கரில் பிடுங்கிய காந்த வளையத்தைக்
கைக்குட்டையில் பொதிந்து
பானட்டிலிருந்து ஒற்றிக்கொண்டே போனான்.
வலது பக்கம் பிடித்தது. டிக்கி பிடித்தது.
இடது முன்கதவில்
காந்தம் நழுவி மண்ணில் விழுந்தது.
எடுத்து வைத்தான்.
மறுபடி விழுந்தது.
"பட்டி. ஒரு விரக்கடை இருக்கும்க்கா.
இந்தப் பக்கம் இரும்பே இல்ல, பாத்துக்கிடுங்க."

பூலுடையார் தொண்டையைச் செருமினார்.
அப்புறந்தான் காகிதம் வெளியே வந்தது.
கயத்தாறு தாண்டி, நாலுவழிச் சாலை, கல் லாரி.
இன்சூரன்சுக்காரன் டோட்டல் லாஸ் எழுதி
மூன்று வருஷம்.
"எழுதுனா எழுதிட்டுப் போறான். ஓடுதா இல்லியா?"
ஓடியது.
பின்சீட்டை மடக்கினால்
எட்டு டப் இட்லி மாவு நிற்கும்.
கையிலிருந்த ஒன்றரை லட்சத்துக்கு
வேறு எது ஓடும்.

டேஷ்போர்டு அறையில் ஒரு சர்வீஸ் பில்,
நாலாக மடித்தது.
ஜெபசெல்வி, திசையன்விளை. ஒரு செல் நம்பர்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கூப்பிட்டேன்.
கேட்க வேண்டியது ஒன்றுதான்:
இடது சீட்டில் யார்?

வண்டி எண்ணைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் குக்கர் ஒரு சத்தம் விட்டது,
இன்னொன்றும் விட்டது.
"அது இன்னும் இருக்கா?"
இருக்கு.
"என்ன கலரு?"
வெள்ளை.
"நீலம்லா..." என்று நிறுத்தினாள்.
பிறகு, "ஹாரன் அடிக்கா?"
பார்க்கலம்மா.
"ஒருதடவ அடிங்களேன்."

அடித்தேன்.
அடியில் கிடந்த நாய் எழுந்து
வேறொரு வண்டிக்குக் கீழே போய்ப் படுத்தது.
பூலுடையார் எனக்குக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"அதேதான்.
அவிய தனியா வாங்கி மாட்டுனது.
கப்பல் வருதும்பாவ, தெருவுல திரும்பும்போது."
குக்கர் நின்றிருந்தது.
நல்லா ஓட்டுங்க என்றாளா
பாத்து ஓட்டுங்க என்றாளா,
சரியாகக் கேட்கவில்லை.

இறங்கிப் பதினஞ்சாயிரம் குறைக்கச் சொன்னேன்.
"ஹாரன் வரைக்கும் சோதிச்சாச்சு, பெறவு எதுக்கும்மா?"
கதவுக்கு.
எட்டாயிரத்தில் முடிந்தது.

மைதீன் பழக்கத்தில் முன்னால் ஏற வந்தான்.
பின்னால உக்காரு என்றேன்.
இரண்டு நொடி என்னைப் பார்த்துவிட்டு
மடக்கிய சீட்டை நிமிர்த்தினான்.

தச்சநல்லூரில் ஒரு எருமை
ரோட்டின் குறுக்கே நின்றது.
ஹாரன் மேல் வைத்த கையை
எடுத்துக்கொண்டேன்.
பின்னால் பஸ்காரன் அலறினான்.
மைதீன்தான் கடைசியில்
இறங்கிப் போய் அதை விரட்டினான்.