எலி, மட்டி, தோள்

கான்வி ஆறு கடலில் வாய் வைக்கும் இடத்தில்
நெரிஸ் பியூவின் மட்டிக் கொட்டகை.
பழைய பலகையை ஜனவரிக் காற்று கொண்டுபோனது.
புதியதை எழுதியவன் டெகிட்.
கறுப்புத் தளம், மஞ்சள் எழுத்து, ஓரத்தில் ஒரு நங்கூரம்
(கேட்காமலே போட்டது, அதற்கும் பதினைந்து பவுண்டு).
பிழை ஒரே ஒரு சொல்லில்.
இரண்டு எஸ் நிற்க வேண்டிய இடத்தில்
ஒரு எஸ்ஸும் ஒரு சியும்;
வாலில் ஈயும் எல்லும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.
வாயால் சொன்னால் இரண்டும் மசில்தான்.
கண்ணுக்குத்தான் வேறு:
'இன்று அள்ளிய புத்தம்புதுத் தசைகள்,
கிலோ நான்கு பவுண்டு.'

ஊர் சிரித்தது.
ஜிம்மிலிருந்து பையன்கள் வந்து
சட்டையைக் கழற்றிப் பலகைக்குக் கீழே நின்று
படம் எடுத்துக்கொண்டார்கள், பிப்ரவரியில், அந்தக் குளிரில்.
தாடிக்காரன் ஒருவன் தனக்கு என்ன விலை என்று கேட்டான்.
தாடி பிய்க்காத சரக்கை விற்பதில்லை என்றாள் நெரிஸ்,
முகத்தில் ஒரு தசையும் அசையாமல்.

ஆங்கிலமும் அப்படித்தான் சொல்லும்.
வரிசையில் முண்டி நுழைகிறவனுக்கும்
பணத்தைக் காட்டி மிரட்டுகிறவனுக்கும்
இருபது வருடம் கழித்தும் சைக்கிளை மறக்காத காலுக்கும்
அதே சொல்லைத்தான் கொடுக்கும்.
ஞாயிற்றுக்கிழமை விடுப்புகூடக் கிடையாது அதற்கு.

டெகிட்டுக்குக் கூலி போகவில்லை.
தமிழ் தெரிந்திருந்தால்
'மட்டி' என்ற ஒரே சொல்லில் நெரிஸ் முடித்திருப்பாள்;
தெரியாததால் வெல்ஷில் நீளமாகத் திட்டினாள்.

செவ்வாய்க்கிழமை, தோள் வைத்தியம்.
நான்கு மீட்டர்க் கழி, நுனியில் இரும்புப் பற்கள்,
படகில் நின்று ஆற்றின் அடித்தரையைச் சுரண்டிச் சுரண்டி
வலத் தோள் கிழிந்து எட்டு வாரம்.
லௌரி கட்டைவிரலால் அழுத்தியபடியே
பலகைக் கதையைக் கேட்டாள். சிரிக்கவில்லை.
"முன்காலத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள்.
டெகிட் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறான், அவ்வளவுதான்.
லத்தீனில் இரண்டுக்கும் ஒரே வளை.
மூஸ் என்றால் எலி.
மூஸ்குலுஸ், சுண்டெலி.
எங்கே, கையை மடக்கு."

மடக்கினாள். வலித்தது.
தோலுக்கு அடியில் எதுவோ உருண்டு, ஓடி,
முழங்கைப் பக்கம் பதுங்கியது.

யாரோ ஒரு ரோமானியன்
குளிக்கும்போதோ மூட்டை தூக்கும்போதோ
தன் கையைப் பார்த்தே திடுக்கிட்டிருக்க வேண்டும்.
இன்னொருவன் கடலோரத்தில்
கருநீலச் சிப்பியைக் கவிழ்த்துப் பார்த்து,
அதே முதுகு, அதே அளவு, அதே ஈரச் சாம்பல் என்று
அதே பெயரை வைத்துவிட்டுப் போயிருப்பான்.
சொல்லுக்குப் பஞ்சமா, சோம்பலா, தெரியாது.
நாம் மட்டும் என்ன?
பிள்ளையாருக்கு அடியில் மூஷிகத்தை உட்காரவைத்தோம்
(அது இந்த லத்தீன் எலிக்கு ஒன்றுவிட்ட உறவு),
ஆனால் முழங்காலுக்குப் பின்னால், கீழே,
துள்ளும் சதையில் எலி தட்டுப்படவில்லை நமக்கு,
கெண்டை மீன்தான் தெரிந்தது.
உடம்புக்குள் ஏதோ ஓடுகிறது, ஏதோ நீந்துகிறது,
பார்த்தவன் பக்கத்தில் வயல் இருந்ததா குளம் இருந்ததா
என்பதைப் பொறுத்தது.

நெரிஸ் பாதிக் கூலி கொடுத்தாள்.
மீதி எலிக்கு என்றாள். டெகிட்டுக்கு விளங்கவில்லை.
திருத்த ஏணியோடு வந்தவனை
தோள் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பினாள்.
தோள் ஏப்ரலில் ஆறிவிட்டது.
பலகை அப்படியே இருக்கிறது.

இப்போதும் காலையில்
வாய் பிளந்து கிடப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து
நகத்தால் தட்டிப் பார்க்கிறாள்.
உள்ளே ஒரு சின்னத் தசை உண்டு.
உயிர் இருந்தால் ஓட்டை இழுத்து மூடிக்கொள்ளும்,
மெதுவாக, விருப்பமில்லாததுபோல.
மூடாததைக் கடற்காகத்துக்கு எறிகிறாள்.

எலிக்குள் எலி என்று ஒருநாள் சொல்லிக்கொண்டாள்.
சொல்லி வாய் மூடவில்லை,
கொட்டகை மூலையில் நிஜமாகவே ஒன்று ஓடியது.
துடைப்பம் எங்கே என்று கத்தினாள்,
ஆறிய கையைத் தூக்கிக்கொண்டு.