பதினோரு கிராம் முந்நூறு மில்லி

லாட்ஜ் வரவேற்பறையில் மீன்தொட்டி வைத்தது
ஜாபர் பாய் யோசனை.
ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்கள்
எதையாவது பார்க்க வேண்டுமே.
மீன்கள் மே மாதத்தைத் தாண்டவில்லை.
வேலூர் வெயிலில் தொட்டித் தண்ணீர்
டீ போடுகிற பதத்துக்கு வந்திருந்தது.
நத்தை மட்டும் நின்றது.
மஞ்சள் நத்தை, எலுமிச்சங்காய் அளவு.

ஆடி பிறந்த வாரம்
அதன் கொம்படியில் பார்த்தேன்:
வெள்ளையாய் ஒரு நூல்.
நூல் நெளிந்தது.

கால்நடை மருந்துக் கடையில் தணிகாசலம் கேட்டார்:
‘ஆடு எத்தினி கிலோ?’
ஆடு இல்லண்ணே.
‘நாயா?’
சொன்னேன்.
அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
செம்மறி, வெள்ளாடு, கன்றுக்குட்டி வரை இருந்தது.
அதற்குக் கீழே கம்பெனி முகவரி.

பக்கத்து அடகுக்கடைத் தராசில் வைத்தோம்.
பதினோரு கிராம் முந்நூறு மில்லி.
‘ஒண்ணரைப் பவுனுக்குக் கொஞ்சம் கம்மி’ என்ற சம்பத்லால்
பழக்கத்தில் உரைகல்லுக்குக் கை நீட்டினார்.

எல்லாம் வீண்.
தோட்டப்பாளையம் மீன்கடைப் பையன் சிரித்தான்:
‘மருந்து நத்தைக்கு இல்ல சார், தண்ணிக்கு.
எத்தினி லிட்டர், அத்தச் சொல்லு.’

ஊறுகாய் ஜாடி. இரண்டு லிட்டர்.
ஆட்டு மருந்து சிரிஞ்சில் ஏறியது;
சிரிஞ்சுக்கு இந்தத் தெருவில் பஞ்சமில்லை.
பாய் தன் செப்புக்குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்தார்,
உடம்புக்கு நல்லதாம்.
செம்பு பட்டால் நத்தை செத்துவிடும் என்றதும்
குடத்தைக் கொஞ்ச நேரம்
புதிதாய்ப் பார்த்தார்.
பாலாற்றில் ஏது,
முந்தின நாள் பிடித்துவைத்த
காவிரிக் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன்.

மருந்து பட்டதும்
மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டது.
ஒரு நாள்.
இரண்டு நாள்.
ஜாடியின் அடியில் நூல்கள் கிடந்தன, நெளியாமல்.
நத்தையும் கிடந்தது, நெளியாமல்.

செத்ததா என்று அறிய ஒரே வழி மூக்கு.
எனக்கு மூக்கு பதினாறு வருஷ ஃபினாயிலில் போயிற்று.
பாய்க்கு சைனஸ்.

நான்காம் எண் அறை ஷெஃபாலி அம்மா இறங்கி வந்தார்.
மேதினிப்பூர்க்காரர்.
மூன்றாவது கீமோவுக்குப் பிறகு
எல்லா வாசனையும் அவருக்குப் பெரிதாகிவிட்டது.
மூன்றாம் மாடியில் யாரோ கடுகெண்ணெய் திறந்தால்
முதல் மாடியில் இவருக்குக் குமட்டும்.
நான் கேட்கவில்லை, சத்தியமாய்.
அவரே கையை நீட்டினார்.

உள்ளங்கையில் ஏந்தி, மாஸ்க்கை இறக்கி
முகர்ந்தார்.
பாயும் நானும்
மேசைக்கு இந்தப் பக்கம் நின்றோம்,
டாக்டர் காகிதத்தைப் பிரிக்கும்போது
அவர்கள் நிற்கிற மாதிரி.

‘குளம்,’ என்றார் இந்தியில். ‘வெறும் குளம்.’
பிறகு:
‘எங்க ஊரில் இதில் உருளைக்கிழங்கு போட்டுக்
குழம்பு வைப்போம்.’
சிரித்தார்.
சிரிப்பு இருமலானது.

அன்று முழுக்கத் திறக்கவில்லை.
இரவு பதினொன்றரை,
காட்பாடி ஸ்டேஷனுக்கு ஆட்டோ கேட்டு
ஒரு குடும்பம் மூட்டைகளோடு நிற்க
நான் பேரேட்டில் குனிந்திருந்தபோது
ஜாடிக் கண்ணாடியில் ஒரு வாய்.
பாசியே இல்லாத இடத்தைச்
சுரண்டிக்கொண்டு.

நான்காம் எண்ணுக்கு இன்டர்காம் எடுத்தேன்.
தூங்கியிருப்பார் என்று வைத்துவிட்டேன்.
வைத்ததும் அதுவே அடித்தது.

‘திறந்ததா?’
ம்.
‘அடுத்த டோஸ் எப்போ?’
நத்தைக்குத்தான் கேட்கிறார் என்று புரிய
ஒரு நொடி ஆனது.

வியாழக்கிழமை, என்றேன்.
‘அச்சா.’