எழும்போது மூணு மடங்கு

மன்னார்குடி மேலராஜவீதிக் கடையில்
ஜெனரேட்டர்கள் வரிசையாய் நின்றன.
பெண் பார்க்க வந்ததுபோல்
நாங்கள்தான் கூசிக்கொண்டு நின்றோம்.

பக்கிரிசாமி விலை சொல்லவில்லை முதலில்.
"என்னென்ன ஓடணும்?" என்றார்.
"எல்லாம்" என்றார் இவர்.
"எல்லாத்துக்கும்னா லாரியிலதான் ஏத்தணும்"
பில் புத்தகத்தைப் பின்பக்கம் திருப்பி
பேனாவை என்னிடம் நீட்டினார்.

எழுதினேன்.
ஃபேன் மூன்று, எழுபத்தைந்து எழுபத்தைந்தாக.
ஃபிரிட்ஜ் நூற்றைம்பது.
லைட்டெல்லாம் சேர்ந்து ஓர் அறுபது.
போன் சார்ஜரெல்லாம் கணக்கிலேயே வராதாம்.
பதினேழு நாள் அதற்காகத்தான்
ஆஸ்பத்திரி வாசல்வரை நடந்தோம் என்று
நான் சொல்லவில்லை.

கிரைண்டரை எழுதி அடித்தேன்.
டி.வி.யை இவர் எழுதினார், அதையும் அடித்தேன்.
கடைசியில் தண்ணீர் மோட்டார், ஒரு ஹெச்.பி.

"அங்கதான் இருக்கு சங்கதி.
ஓடுறப்ப எழுநூத்தம்பது.
எழும்போது மூணு மடங்கு கேக்கும்.
எழுந்துட்டா அப்புறம் சாது."

எனக்குத் தெரியும்.
புயல் முடிந்த ஆறாம் நாள்
விழுந்த தென்னைகளைச் சுற்றிக்கொண்டு
டிராக்டரில் ஒரு ஜெனரேட்டர் வந்தது தெருவுக்கு.
ஒரு தொட்டி நிரப்ப எண்ணூறு ரூபாய்.
எங்கள் மோட்டார் எழுந்த அந்த நொடி
அவ்வளவு பெரிய இயந்திரமும்
தொண்டை அடைத்ததுபோல் ஒருதரம் தாழ்ந்து
பிறகு ஓடியது.
குழாயில் முதலில் காற்றுதான் வந்தது.

இவருக்கு டீசல்தான்.
ஆயில் இன்ஜின் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றியே
தோள் அகன்றவர்.
அந்தச் சத்தத்தில்
கட்டுத்தறியில் கன்று நிற்காது என்றேன்.
பெட்ரோல் என்றால்
கரண்ட் இல்லாத ஊரில் பங்க்கும் படுத்திருக்கும்.
கேஸ் நல்லதுதான், புகை கம்மி,
சிலிண்டர் வருகிற ரோட்டில் மரம் கிடக்காதவரை.
சோலார் போர்டை இவர் கையைக் காட்டினார்.
"ஐப்பசியில சூரியனப் பாத்தா எனக்கும் சொல்லுங்க"
என்றார் பக்கிரிசாமி,
விற்கிறவர் அவரேதான்.

"எதை வாங்குனாலும் ஒண்ணு,
வீட்டுக்குள்ள வைக்காதீங்க,
ஜன்னலுக்குக் கீழயும் வேணாம்.
அதுல ஒரு விஷம் வரும், வாசனையே கிடையாது.
தூங்குறவங்களை எழுப்பாமலே முடிச்சிரும்."
கொல்லையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்றோம்.
"அப்ப மேடை கட்டுங்க.
செவுத்துல தண்ணி நின்ன கோடு இருக்கும்ல,
அதுக்கு மேல ரெண்டு வரிசை செங்கல்."
இருக்கிறது.
ரெண்டு முறை வெள்ளையடித்தும் இருக்கிறது.

சிவப்பு மெஷின் சத்தமே போடாது,
மோட்டாரைத்தான் தூக்காது.
நீலம் தூக்கும். கூட்டல் சரியாக வந்தது.
அதற்குக் கீழே எழுதினேன்:
ஃபிரிட்ஜ் ஒன்று, ஃபேன் ஒன்று.

"எழுதினதுதானே?"
"இது செவுத்துக்கு அந்தப் பக்கம்."
ஜெய்த்தூன் அம்மாளின் இன்சுலின்
பதினேழு நாளும்
ஈர மணல் பானைக்குள் இருந்தது.
"கேட்டாங்களா?"
"கேக்க மாட்டாங்க. அதான் எழுதுறேன்."

நீலம் போய் அதற்கடுத்ததுக்கு வந்தது,
பதினோராயிரம் கூடுதல்.
இவர் கொஞ்ச நேரம் கடையின் ஃபேனைப் பார்த்தார்.
பிறகு பில் புத்தகத்தை
தானே முன்பக்கம் திருப்பினார்.

வாங்கி வைத்த நாளிலிருந்து
கரண்ட் போகவே இல்லை.
இவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.
பதினைந்து நாளுக்கு ஒருதரம் ஓட்டியாக வேண்டுமாம்,
இல்லாவிட்டால் கார்ப்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகிவிடும்.
அதனால் சனிக்கிழமை நாலு மணிக்கு
நல்ல கரண்ட்டில், நல்ல வெயிலில்
மெயினை நாங்களே இறக்கிவிட்டு
கயிற்றை இழுக்கிறார்.
முதல் இழுப்பில் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் இருமுகிறது.
தெருவில் யாரோ, கரண்ட் போச்சா என்கிறார்கள்.
நான் மோட்டார் சுவிட்சில் கை வைத்து
அந்த மூன்று மடங்குக்காகக் காத்திருக்கிறேன்,
தாழ்கிறது,
தாழ்ந்து ஏறுகிறது,
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
ஒரு குரல் சத்தமாய்ச் சொல்கிறது:
"சுத்துது."